தொண்ணூற்றாறு மீன்களுக்கு ஒரு கங்காணி

சாவியால் கண்ணாடியின் மேல்விளிம்பை இருமுறை தட்டிவிட்டுச் சுப்பம்மா காத்திருக்கிறார். காலை ஆறு ஐம்பது. முதலாம் தொட்டியின் அடியில் கிடந்த மீன்கள் ஒவ்வொன்றாக மேலெழுகின்றன. தீனியை அவர் உடனே தூவுவதில்லை. விரல்நுனியில் வைத்துக்கொண்டு, யார் முதலில் வருகிறார்கள், யார் பிந்துகிறார்கள் என்று பார்க்கிறார். "வா, வா. ராத்திரி முழுக்கப் படுத்துக் கெடந்துட்டு இப்பத்தான் அசைஞ்சு அசைஞ்சு வர்றியா?" பிறகு ஒரு சிட்டிகை. பிறகு கொண்டையில் செருகிய பென்சிலை உருவிக் கொப்பியில் குறி. சில மீன்களுக்குப் பெருக்கல் அடையாளம் போல ஒன்று. சிலவற்றுக்கு ஒற்றைக் கோடு.

"வராதவனுக்கு ஒண்ணும் கெடையாது" என்று அறிவித்துவிட்டு இரண்டாம் தொட்டிக்கு நகர்கிறார்.

கண்டியின் ஹந்தானை வீதியில், பஸ் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது அந்தச் சனசமூக நிலையம். அதன் வாசிகசாலைக்கு ஆட்கள் வருவது குறைந்துபோகவே, கடந்த ஜனவரியில் அந்த அறையை மீன் காட்சியறையாக மாற்றினார்கள். ஐந்து கண்ணாடித் தொட்டிகள், ஒரு சீமெந்துத் தொட்டி. பெரும்பாலானவை மலைநாட்டு ஓடைகளில் வாழும் சிறு மீன்கள். வெற்றிலை போட்டவனின் வாய்போல ஆண் மீனின் தலை சிவப்பதால் சிங்களத்தில் 'புலத் ஹபயா' என்று அழைக்கப்படும் மீனே அவற்றில் அதிகம். சீமெந்துத் தொட்டியில் தங்கமீன்கள். திறப்பு நாளன்று மொத்தம் தொண்ணூற்றாறு மீன்கள் இருந்ததாக நிலையத்தின் செயலாளர் பெற்றீசியா தம் கோப்பில் பதிந்திருக்கிறார். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற அவருடைய கோப்பில் பக்க எண் இல்லாத தாள் ஒன்றுகூட இல்லை.

சுப்பம்மாவுக்கு அறுபத்தொரு வயது. தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தோராண்டு வேலை செய்தவர். அவற்றில் கடைசிப் பதினோராண்டு அந்த டிவிஷனில் ஆட்களை வேலைவாங்கிய முதல் பெண் கங்காணி. மகனுக்குக் கண்டி நகரில் துணிக்கடை வேலை கிடைத்ததும் அவனோடு ஹந்தானைக்கு வந்து வாடகை வீட்டில் இருக்கிறார். உயரம் குறைவு, குரல் மட்டும் அடுத்த மலைவரை போகும். சேலைக்கு மேல் மகனுடைய பழைய ஸ்வெட்டர். பேசும்போது எதிரில் நிற்பவரின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. கைகளைப் பார்க்கிறார்.

தோட்டத்தில் வேலை தொடங்குமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தி வரவு பார்ப்பதைப் பெரட்டு என்பார்கள். காலை வேளையில் தாம் மீன்களிடம் செய்வதையும் சுப்பம்மா அதே சொல்லால்தான் குறிப்பிடுகிறார். தலை சிவந்த ஆண் மீன்களில் சிலவற்றுக்குத் தாம் வேலைவாங்கியவர்களின் பெயர்களையே வைத்திருக்கிறார். யாருடையவை என்று கேட்டால் சொல்வதில்லை. சீமெந்துத் தொட்டியில் உள்ளங்கை அளவு பருத்த தங்கமீன் ஒன்று உண்டு. அது எந்தத் தட்டலுக்கும் எழுந்து வந்ததில்லை. ஆயினும் நாள்தோறும் அதற்கு முதல் குறி விழுகிறது. மீன்களை எண்ண வந்திருந்த நான் காரணம் கேட்டேன். "அவரு பெரிய தொரை. தொரைக்கு ஏது பெரட்டு? பங்களாவுல படுத்துக் கெடந்தாலும் கணக்கு ஓடும்."

இவ்வளவு ஒழுங்கான அறையிலிருந்துதான் மீன்கள் காணாமற் போகத் தொடங்கின.

மாத இறுதியில் பெற்றீசியா "எத்தனை?" என்று கேட்பார், சுப்பம்மா கொப்பியின் அடித்தொகையைச் சொல்வார், அது கோப்பில் ஏறும். பெப்ரவரியில் தொண்ணூறு. மார்ச்சில் எண்பத்திரண்டு. ஏப்ரலில் எழுபத்தொன்பது. மே மாத இறுதியில் எழுபத்துநான்கு. இறந்து மிதந்த மீன் என்று ஒன்றுகூட எந்த மாதத்திலும் பதிவாகவில்லை. கதவுக்கு ஒரே பூட்டு. பூட்டுக்கு ஒரே சாவி. அது சுப்பம்மாவின் இடுப்பில்.

மே கடைசி ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடியது. தலைவர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார், கட்டுகஸ்தோட்டையில் இரும்புக்கடை வைத்திருப்பவர், கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னார். சுப்பம்மா உட்காரவில்லை. அன்று பேசப்பட்டதைப் பெற்றீசியா கூட்டக் குறிப்பில் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்திருக்கிறார்.

"சுப்பம்மா, ஜனவரியில தொண்ணூத்தாறு. இப்ப எழுபத்துநாலு. இந்தக் கொப்பி உங்கட கையெழுத்துதானே?" என்று கேட்டார் பெற்றீசியா.

"எங் கையெழுத்துதான் மிஸ்."

"அப்ப இருபத்திரண்டு மீன் எங்க?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

ஹாஜியார் இடுப்புச் சாவியைக் காட்டிக் குறுக்கிட்டார். "நாங்க உங்கள ஒண்டும் சொல்லல்ல. ஆனா தொறப்பு உங்கட கையில ஈக்கி. கண்ணாடித் தொட்டியில ஈந்த மீன் தானா எழும்பி பஸ் ஏறிப் போகுமா?"

தீர்மானம் ஒன்றுதான். ஜூன் முடிவதற்குள் குறைவுக்குக் காரணம் தெரியாவிட்டால் சாவி வேறொருவரிடம் ஒப்படைக்கப்படும்.

அதைப் பற்றிப் பின்னர் என்னிடம் பேசியபோதுதான் சுப்பம்மாவின் குரல் முதன்முறையாகத் தணிந்தது. "முப்பத்தோரு வருசம் புள்ள. ஒரு கிலோ கொழுந்து கொறஞ்சுதுன்னு ஒருத்தன் என்னக் கேட்டதில்ல. இப்ப சாவியப் பறிச்சா லயத்துல என்ன பேசுவாங்க? கங்காணி மீன வித்துத் தின்னுட்டான்னு பேசுவாங்க. தெல்தோட்ட வரைக்கும் போயிரும்." அந்தப் பேச்சு மகனின் காதில் விழுமே என்பதுதான் அவருடைய பெரிய கவலை.

ஆகவே அவர் திருடனைத் தேடத் தொடங்கினார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே. கொழுந்துக் கூடையில் கையை விட்டு, அடியில் முற்றல் இலை மறைந்திருக்கிறதா என்று துழாவிய அதே முறையில், காட்சியறைக்கு வருவோரின் பைகளைத் துழாவினார். சனிக்கிழமைகளில் வரும் பாடசாலைப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து காட்டிவிட்டே வெளியேற வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகு முகர்ந்தும் பார்த்தார். ஒரு தகப்பன் எரிச்சலுடன், "டிக்கட் இல்லாத எடத்துல செக்கிங் மட்டும் ஏர்போட் மாதிரி இருக்கே" என்றார். "ஏர்போட்டுல மீன் களவு போகலயே" என்றார் சுப்பம்மா.

கழிவுநீர்த் துவாரத்துக்குக் கம்பிவலை வைத்தார். மீன்கொத்தி நுழையக்கூடுமென்று யன்னலின் உடைந்த கண்ணாடிக்குக் காட்போட் அடித்தார். மாலையில் பூட்டுமுன் தரையில் கோதுமை மாவைத் தூவிவிட்டுப் போய், விடிந்ததும் குனிந்து கால்தடம் தேடினார். மூன்று நாள் தேடலின் முடிவை என்னிடம் இப்படி அறிவித்தார்: "கரப்பொத்தான் மட்டுந்தான் வந்து போயிருக்கான். அவன் மீன் திங்க மாட்டான்."

பெற்றீசியாவும் தப்பவில்லை. "நான் ஒண்ணும் சொல்லல. ஆனா மிஸ் ஊட்டு முன்னறையில புதுசா ஒரு கண்ணாடிப் பெட்டி வச்சிருக்காங்களாம். லைட்டும் எரியுதாம்." இதை நான் சரிபார்த்தேன். பெட்டி உண்டு, விளக்கும் உண்டு. உள்ளே இருப்பது அந்தோனியார் சுரூபம்.

நான் நன்னீர் மீன்களில் முதுகலை ஆய்வு செய்பவள் என்பதால், மீன்களை எண்ணித் தருமாறு பெற்றீசியா என்னை அழைத்திருந்தார். ஜூன் முதல் வாரத்தில் அங்கே போனேன். வாசலிலேயே என் பை திறக்கப்பட்டது. கைவலை, அளவுகோல், வெப்பமானி, நான்கு வெற்றுப் போத்தல்கள். சுப்பம்மா போத்தல்களை மட்டும் வெளியே எடுத்து வரிசையாக வைத்தார். "மீன் எண்ண வந்தவங்களுக்கு வெறும் போத்தல் எதுக்கு?" தண்ணீரைப் பரிசோதிக்க மாதிரி எடுப்பதற்கென்று விளக்கினேன். "தண்ணியத்தான எடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டு என் கைகளைப் பார்த்தார். அதன்பின் பதினொரு காலை வேளைகள் அங்கே இருந்தேன். பதினொரு முறையும் போத்தல்கள் வெளியே வந்தன.

என் வருகைக்குச் சில நாட்கள் முன்னர் ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது.

நிலையத்தைக் கூட்டித் துடைக்க வாரத்தில் மூன்று நாள் கிருஷாந்தி என்ற பெண் வருவார். முப்பது வயதிருக்கும்; மலைக்கு மேலே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமொன்றில் குடியிருப்பவர். செயற்குழுக் கூட்டம் நடந்த மறுநாள், சுப்பம்மா அவருடைய பையைத் துழாவியபோது அடியில் ஈரமான பிளாஸ்டிக் சிலிசிலி பேக் ஒன்று அகப்பட்டது. அதன் உட்புறம் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"இது என்னா?"

"சாள மீன் வாங்கிட்டுப் போன பேக் கங்காணியம்மா. நேத்து மார்க்கட்டுல வாங்குனது."

"மார்க்கட்டு மீனா, நம்ம மீனா?"

"நம்ம மீன வச்சு ஒரு சொதி கூடக் காய்ச்ச ஏலாது. இத எடுத்துட்டுப் போயி நான் என்னா செய்ய?"

பக்கத்தில் நின்ற இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். சுப்பம்மா சிரிக்கவில்லை. செதிலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு நேரே பெற்றீசியாவிடம் போனார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாமென்று கிருஷாந்திக்கு அன்று மாலையே தொலைபேசியில் சொல்லப்பட்டது. திருட்டு என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. லயத்துக்கு அது எப்படியோ போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர்ப் பைப்பில் குடம் வைக்கப் போனால் மற்றப் பெண்கள் "மீன் எப்படி இருக்கு?" என்று கேட்பதாகக் கிருஷாந்தி பிற்பாடு பெற்றீசியாவிடம் சொல்லியிருக்கிறார்.

மடித்த காகிதத்தைச் சுப்பம்மா எனக்குக் காட்டியது என் ஐந்தாம் நாளில். அதுவும் போத்தல்களைச் சோதித்த பிறகுதான். அவர் அதைச் சான்றாகவே பாதுகாத்து வைத்திருந்தார். செதிலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன், அளவும் எடுத்தேன். அந்த அறையின் ஓடை மீன்கள் எதற்கும் அவ்வளவு பெரிய செதில் இல்லை. தங்கமீனின் செதிலோடு ஒப்பிட்டேன், வடிவம் பொருந்தவில்லை. மறுநாள் சந்தையில் ஒரு சாளை வாங்கி, அதன் செதிலொன்றைப் பக்கத்தில் வைத்தேன். சந்தேகத்துக்கு இடமிருக்கவில்லை.

சுப்பம்மா இரண்டு செதில்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அவ எடுக்கல்லியா?"

"இந்தச் செதில் கடல் மீனுடையது. அதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது."

"அப்ப வேற யாரு?" என்றார் அவர் உடனே. அவருடைய பார்வை மீண்டும் என் பையின் பக்கம் போயிற்று.

ஜூன் இரண்டாம் சனிக்கிழமை தொட்டிகளைக் காலி செய்து எண்ணுவதென்று முடிவாயிற்று. பெற்றீசியா கோப்புடன் வந்தார். ஹாஜியார் கடையிலிருந்து பத்து வாளிகளைக் கொண்டுவந்தார். பெரட்டை வழக்கம்போல் முடித்துக் கொப்பியில் அடித்தொகை போட்ட பிறகே சுப்பம்மா எங்களைத் தொட்டியருகில் விட்டார். அன்றைய தொகை எழுபத்தொன்று. பெற்றீசியா அதைக் குறித்துக்கொண்டு, "இன்னும் மூண்டு குறைஞ்சிட்டுது" என்று மெல்லச் சொன்னார். சுப்பம்மாவின் கை இடுப்புச் சாவியை ஒருமுறை தொட்டு விலகியது.

செடிகளை அகற்றி, கற்களை எடுத்து, ஒவ்வொரு மீனாக வலையில் பிடித்து வாளிக்கு மாற்றினோம். நான் உரத்து எண்ணினேன், பெற்றீசியா கோடிட்டார், ஹாஜியார் தம் பங்குக்கு விரல்விட்டு எண்ணினார். சீமெந்துத் தொட்டியின் கற்களுக்கு அடியிலிருந்து மட்டும் ஐந்து தங்கமீன்கள் வெளிப்பட்டன. இரண்டரை மணி நேரம் பிடித்தது. மூவரின் கணக்கும் ஒத்திருந்தது: தொண்ணூற்றுநான்கு.

ஹாஜியார் விரல்களை மறுபடி மடக்கிப் பார்த்தார்.

"அப்ப இதென்ன?" என்று பெற்றீசியா கொப்பியை விரித்து நீட்டினார். "இங்க எழுபத்தொண்டு எண்டுதானே எழுதியிருக்கிறீங்க?"

சுப்பம்மா கொப்பியைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார். அவருடைய விளக்கம் கேட்கக் கேட்கத்தான் வந்தது. அதில் தற்காப்புத் தொனியே இல்லை. இதைக்கூட விளக்க வேண்டுமா என்ற திகைப்பே இருந்தது. தட்டியதும் வந்து தின்பவனுக்கு முழுப்பேர், பெருக்கல் குறி. பிந்தி வருபவனுக்கும் பாதியில் விட்டுப் போகிறவனுக்கும் அரைப்பேர், ஒற்றைக் கோடு. வராதவனுக்குக் குறியே இல்லை. இரண்டு அரைப்பேர் சேர்ந்தால் ஒரு பேர். தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று அப்படித்தான் கணக்கிட்டார்கள். தீனியையும் அவர் பேருக்கு ஒரு சிட்டிகை என்றே அளந்து போட்டு வந்திருக்கிறார்.

"மிஞ்சுற அரைய என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார் ஹாஜியார்.

"பெரிய தொரை கணக்குல போட்டுட்டேன்."

அன்றைய பக்கத்தில் குறிகளை நானே எண்ணினேன். பெருக்கல் குறி ஐம்பத்தைந்து. ஒற்றைக் கோடு முப்பத்திரண்டு. ஐம்பத்தைந்துடன் முப்பத்திரண்டின் பாதியைக் கூட்டினால் எழுபத்தொன்று. பெரட்டுக்கு வராமல் கற்களுக்கடியில் கிடந்தவை ஏழு. மார்ச்சிலிருந்து தொகை குறைந்துவந்ததன் காரணமும் என் குறிப்புகளில் ஓரளவு கிடைக்கிறது: தொட்டிகளைச் செடியும் பாசியும் மூட மூட மீன்கள் மறைந்து வாழப் பழகிவிட்டன, மே மாத மழையோடு நீர் குளிர்ந்ததும் தீனியில் நாட்டமும் குறைந்துவிட்டது.

ஆனால் என்னை வியக்கவைத்தது வேறு. மீன்கள் குறைகின்றன என்று செயலாளர் நம்பியதற்கு ஆதாரம் சுப்பம்மாவின் கொப்பி. மீன்கள் களவு போகின்றன என்று சுப்பம்மா நம்பியதற்கு ஆதாரம் செயலாளரின் கோப்பு. தன் கொப்பியில் இருப்பவை பேர்கள், மீன்கள் அல்ல என்பது தெரிந்த ஒரே ஆள் எப்படி அதை நம்பினார் என்று கேட்டேன்.

"பெரட்டு கொறஞ்சா ஆளு போயிட்டான்னுதான அர்த்தம்" என்றார். "மொதல்ல பிந்தி வருவாங்க. பொறகு ரெண்டு நாள் வர மாட்டாங்க. பொறகு பாத்தா கொழும்புல ஊட்டு வேலைக்குப் போயிருப்பாங்க. நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். மீனும் அப்படித்தான் போகுதுன்னு நெனச்சேன். யாரோ கூட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன்."

ஹாஜியார் சிரிக்கத் தொடங்கி, பெற்றீசியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பெற்றீசியா கோப்பின் நான்கு மாதப் பதிவுகளையும் சிவப்பு மையால் கோடிட்டு, ஒவ்வொரு கோட்டின் அருகிலும் தம் முதலெழுத்தை இட்டார். சாவி சுப்பம்மாவிடமே இருக்கும் என்று ஒரு வரி எழுதப்பட்டது. இரண்டு மீன்களின் குறைவுக்கு இன்றுவரை காரணம் தெரியவில்லை. என் அறிக்கையிலும் அவை 'விளக்கம் இல்லை' என்ற தலைப்பின் கீழேயே இருக்கின்றன. சுப்பம்மா மீன்கொத்தியைச் சந்தேகிக்கிறார். எனக்கு அவ்வளவு உறுதியில்லை.

சாவி தமக்கே என்று கேட்டதும் அவர் முகம் மலருமென எதிர்பார்த்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே: "கிருஷாந்திக்கு யாரு சொல்றது?"

"நான் போன் பண்ணுறன்" என்றார் பெற்றீசியா.

"லயத்துல உள்ளவங்களுக்கு?"

பெற்றீசியா கோப்பை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை, ஹாஜியாரின் வாளிகளை எடுத்துப்போக நிலையத்துக்குப் போயிருந்தேன். பெரட்டு முடிந்துவிட்டது. எட்டு மணிக்குக் கிருஷாந்தி வந்தார். வாசலில் நின்று, வழக்கப்படி பையைத் தோளிலிருந்து கழற்றி, வாயை விரித்துச் சுப்பம்மாவின் பக்கம் நீட்டினார். முகத்தில் கோபம் தெரியவில்லை, எதுவுமே தெரியவில்லை. "பாத்துக்குங்க கங்காணியம்மா. இன்னைக்கு ரொட்டி மட்டுந்தான்."

சுப்பம்மா அந்தப் பையைத் தொடவில்லை. உள்ளே போய், ஆணியில் தொங்கிய தம்முடைய பையை எடுத்துக்கொண்டு வந்தார். மேசையின் மேல் அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். பிரஷர் மாத்திரை அட்டை, கிளினிக் கொப்பி, ஒரு சீப்பு, கசங்கிய பஸ் டிக்கட்டுகள், காகிதத்தில் சுருட்டிய வெற்றிலை. போதாதென்று இன்னொரு முறை உதறினார். பாக்குத் தூள் உதிர்ந்தது. பிறகு பையின் உட்புறத்தை வெளியே திருப்பி, தையல் மூலைகள் இரண்டையும் விரலால் தள்ளி விரித்து, கிருஷாந்தியின் கைக்கு எட்டும்படி நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.